சிவப்பு மையில் வட்டமிட்ட 29

வந்தவருக்கு 42 வயது. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ரத்தப் பரிசோதனைச் சீட்டை என் மேசைமேல் விரித்து வைத்தார். அதில் ஒரே ஓர் எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார்: எச்டிஎல் 29.

"மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது டாக்டர். நல்ல கொழுப்புதான் ஏறவே மாட்டேன் என்கிறது. அதை ஏற்றுவதற்கு ஒரு மாத்திரை எழுதித் தாருங்கள்."

இப்படிக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஓராண்டுக்கு மேல் இவரைத் தொடர்ந்து பார்த்ததில், குறைந்த எச்டிஎல்லைப் பற்றிச் சொல்ல வேண்டிய அநேகமாக எல்லாமே இவர் ஒருவர் வழியாகவே வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொழுப்பு, சர்க்கரை எண்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

வந்தபோது இருந்த நிலை

"மற்றதெல்லாம் சரி" என்றாரே, அதை முதலில் பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் 186. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் 105. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 262. எச்டிஎல் 29. ஆண்களுக்கு 40-க்குக் கீழும் பெண்களுக்கு 50-க்குக் கீழும் போனால் எச்டிஎல் குறைவு என்பது வழக்கமான வரம்பு. ஆகவே வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. ஆனால் 262-க்குப் பக்கத்தில் ஆய்வகமே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. 'கெட்ட கொழுப்பு' வரம்பை ஒட்டி இருக்கிறது, மொத்தம் 200-க்குள் இருக்கிறது, அத்துடன் திருப்தி அடைந்துவிட்டார்.

சீட்டில் அச்சிடப்படாத ஓர் எண்ணும் அதற்குள்ளேயே இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் 157. நாளத்தின் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் இதில் அடக்கம். தனிப் பரிசோதனை தேவையில்லை, கழிக்கத் தெரிந்தால் போதும். ஆனாலும் பல சீட்டுகளில் இது ஏனோ இடம்பெறுவதில்லை.

உயரம் 170 செ.மீ., எடை 86 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. ரத்த அழுத்தம் 136/86. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 சதவீதம். கல்லீரல் நொதிகளில் ஏஎல்டி 58, சற்றே அதிகம். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்புப் படிவு. தைராய்டும் சிறுநீரகமும் இயல்பு. தினமும் எட்டு சிகரெட். தந்தைக்கு 51 வயதில் மாரடைப்பு.

சட்டைக் காலரைத் தளர்த்தச் சொல்லிப் பின்கழுத்தைப் பார்த்தேன். மடிப்புகளில் தோல் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தது. வெயிலில் கறுத்ததென்று நினைத்துப் பல மாதமாகத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பதாகச் சொன்னார். அது அழுக்கல்ல. ரத்தத்தில் இன்சுலின் மிகுதியாகச் சுற்றுவதைத் தோல் அப்படித்தான் வெளியே சொல்லும்.

அடுத்து வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். "கொழுப்புக்கும் தொண்டைக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் டான்ஜியர் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்கே ஒரு குழந்தையின் டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்ததையும், அதன் ரத்தத்தில் எச்டிஎல் அநேகமாக இல்லவே இல்லை என்பதையும் டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 1961-இல் விவரித்தார்கள். உயிரணுக்களிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும் ஏபிசிஏ1 என்ற புரதத்தின் மரபணுப் பழுதுதான் காரணம் என்று 1999-இல் தெரியவந்தது. மிக அரிய நோய். 29 என்ற எண்ணுக்கு அதைத் தேடத் தேவையே இல்லை. பழக்கம் விடவில்லை, பார்த்தேன். இவருடைய டான்சில் இளஞ்சிவப்பாக, சாதுவாக இருந்தது.

எச்டிஎல் 20-க்கும் கீழே போனால்தான் இப்படிப்பட்ட பரம்பரைக் காரணங்களை யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மரபணு பற்றியதல்ல. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்க ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறாரா என்பதுதான். ஆண் ஹார்மோனை ஒத்த ஸ்டீராய்டுகள் எச்டிஎல்லைத் தரைமட்டமாக்கிவிடும். கடும் தொற்று, அண்மையில் நடந்த மாரடைப்பு, அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் எண் தற்காலிகமாகச் சரியும். அந்த நேரத்தில் எடுத்த சீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பேச்சில் வெளிவந்த மூன்று விஷயங்கள்

ரத்தப் பரிசோதனையைவிடப் பேச்சுதான் இவர் விஷயத்தில் அதிகம் கொடுத்தது.

ஒன்று, ஒற்றைத் தலைவலிக்காக மூன்று ஆண்டுகளாக புரோபிரனோலால் மாத்திரையைத் தினம் இருவேளை விழுங்கிவந்தார். தலைவலி மாத்திரைதானே என்று அதை மருந்துப் பட்டியலில் சொல்லவே இல்லை. பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்த இது டிரைகிளிசரைடை ஏற்றும், எச்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். அதற்காக அது கெட்ட மருந்தாகிவிடாது. ஆனால் ஒருவருடைய எச்டிஎல்லைப் பற்றிக் கவலைப்படும்போது இது மேசையில் இருந்தாக வேண்டிய செய்தி.

இரண்டாவதுதான் எனக்கு வருத்தம் தந்தது. இரண்டு மாதத்துக்கு முன் முதல்முறை பரிசோதித்தபோது எச்டிஎல் 33, டிரைகிளிசரைடு 198. பயந்துபோய், கொழுப்பு என்று பெயர் உள்ள எதையும் தொடக் கூடாதென்று முடிவெடுத்தார். எண்ணெயை அறவே நிறுத்தினார். கொட்டைகளை நிறுத்தினார். பசித்தபோதெல்லாம் தீட்டிய தானியமும் பழச்சாறும். "ஒரு துளி எண்ணெய் இல்லை டாக்டர்" என்று சொல்லும்போது குரலில் பெருமிதம். இரண்டு மாதத் தவத்தின் பலன்: டிரைகிளிசரைடு 262, எச்டிஎல் 29. கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தை மாவுச்சத்தாலும் சர்க்கரையாலும் நிரப்பினால் நடப்பது இதுதான். தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்கே திமிர் என்ற பொருளும் உண்டு. தட்டில் இருப்பது, இடுப்பில் இருப்பது, ரத்தத்தில் இருப்பது என எல்லாவற்றையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். வட்டமிட்ட எண்ணுக்கும் வாணலி எண்ணெய்க்கும் நேர்க்கோடு போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மூன்றாவதை விடைபெறும் நேரத்தில், கதவுப்பிடியில் கை வைத்தபடி சொன்னார். வைட்டமின் பி3 வகையான நியாசின் எச்டிஎல்லை ஏற்றும் என்று எங்கோ படித்துத் தானாகவே ஒரு குப்பி வாங்கியிருந்தார். நான்கு நாள் சாப்பிட்டார். நான்காம் நாள் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது முகமும் மார்பும் தீப்பிடித்தாற்போல் சிவந்து, அரிப்பெடுத்து, ஒவ்வாமை என்று பயந்து குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டார்.

திரும்ப உட்காரச் சொன்னேன். அந்தக் குப்பியின் கதை அவருக்கும் தெரிய வேண்டும்; என் மனசாட்சிக்கும் அதில் பங்கு உண்டு.

ஏற்றிப் பார்த்த வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1948-இல் தொடங்கிய ஃபிரேமிங்காம் ஆய்வு 1977-இல் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொன்னது: எச்டிஎல் குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம், கூடியவர்களுக்குக் குறைவு. அதன்பின் எத்தனையோ நாடுகளில் எண்ணிப் பார்த்தும் அது பொய்க்கவில்லை. எச்டிஎல் துகள் நாளங்களிலிருந்து கொலஸ்ட்ராலை அள்ளிக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது என்பதும் தெரிந்ததே. 'நல்ல' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. அப்படியானால் எண்ணை ஏற்றினால் நோய் குறையும் என்று நினைப்பது இயற்கை. நானும் நினைத்தேன். நியாசின் எழுதினேன், சிவப்பைத் தடுக்க அரைமணி நேரம் முன்பு ஆஸ்பிரினும் எழுதினேன். எண் ஏறிய சீட்டைக் காட்டி நோயாளியும் நானும் மகிழ்ந்த நாள்கள் உண்டு.

அடி முதலில் விழுந்தது வேறொரு மருந்தின் மேல். எச்டிஎல்லில் இருந்து கொலஸ்ட்ராலைப் பிற துகள்களுக்கு மாற்றும் சிஇடிபி என்ற புரதத்தைத் தடுத்தால் எச்டிஎல் கிடுகிடுவென ஏறும். டார்செட்ரபிப் அதைச் செய்தது. 72 சதவீத ஏற்றம், கூடவே எல்டிஎல் 25 சதவீத இறக்கம். சுமார் 15,000 பேரை வைத்து நடந்த அதன் சோதனையை 2006 டிசம்பரில் அவசரமாக நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 93 பேரும் எடுக்காதவர்களில் 59 பேரும் இறந்திருந்தார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனையும் ஏற்றியது. பழியில் ஒரு பங்கு அதற்கு. அடுத்து வந்த டால்செட்ரபிப் 2012-இல் பலனில்லை என்று நின்றது. எவாசெட்ரபிப் எச்டிஎல்லை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்தியது. மாரடைப்பு குறையவில்லை, 2015-இல் அதுவும் நின்றது. 30,000-க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்த அனாசெட்ரபிப் மட்டும் 2017-இல் 9 சதவீதப் பலன் காட்டியது. எச்டிஎல்லை இரட்டிப்பாக்கிய மருந்துக்கு 9 சதவீதம்! அந்தப் பலனுக்கும் மற்ற கொழுப்புத் துகள்கள் குறைந்ததே போதுமான விளக்கமாக இருந்தது. தயாரித்த நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டுவரவில்லை.

நியாசினின் தீர்ப்பு இடையிலேயே வந்துவிட்டது. எய்ம்-ஹை ஆய்வில் எச்டிஎல் 35-லிருந்து 42-க்கு ஏறியது. இதயத்துக்குப் பலன் ஒன்றும் இல்லை, 2011-இல் பாதியில் நிறுத்தினார்கள். 25,673 பேர் பங்கேற்ற எச்பிஎஸ்2-திரைவ் 2014-இல் வெளியானபோது, பலன் இல்லை என்பதோடு சர்க்கரை நோய், தொற்று, ரத்தக்கசிவு ஆகியவை கூடியதும் தெரிந்தது. அன்று மாலையே என் பழைய நோயாளிகளின் பட்டியலை எடுத்து, யார் யாருக்கு நியாசின் எழுதியிருக்கிறேன் என்று பார்க்கத் தொடங்கினேன்.

மரபணு ஆய்வுகள் இதற்குச் சாட்சி சொன்னவை. பிறவியிலேயே எச்டிஎல் சற்று உயர்ந்திருக்கும்படியான ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்க வேண்டுமல்லவா? இல்லை என்று 2012-இல் தெரிந்தது. இன்னொரு பக்கம், இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் உள்ள லிமோனே என்ற ஊரில் ஒரு குடும்ப வழியினருக்கு எச்டிஎல் மிக மிகக் குறைவு. ஆனால் அதற்கேற்ற இதயநோய் இல்லை. 2017-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று மறுமுனையையும் காட்டியது: எச்டிஎல் மிக அதிகமாக உள்ளவர்களிடம் இறப்பு விகிதம் கூடுகிறது. ஆக, எண் ஏறுவதற்கும் இதயம் தப்பிப்பதற்கும் நாங்கள் போட்டிருந்த முடிச்சு ஒவ்வோர் இழையாக அவிழ்ந்தது.

அவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் 29 பிரச்சினையே இல்லையா?" என்றார். பிரச்சினைதான். ஆனால் அந்த 29 எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது பிரச்சினை.

29 எப்படி உண்டாகிறது

இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த பெரிய துகள்களை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன சிஇடிபி இங்கே தரகர். அந்தத் துகளிலிருந்து டிரைகிளிசரைடை எடுத்து எச்டிஎல்லுக்குக் கொடுக்கும், எச்டிஎல்லில் இருந்து கொலஸ்ட்ராலை வாங்கி அந்தத் துகளுக்குக் கொடுக்கும். டிரைகிளிசரைடு திணிக்கப்பட்ட எச்டிஎல்லைக் கல்லீரலின் நொதி ஒன்று செதுக்கிச் சிறிதாக்கும். சிறுத்த எச்டிஎல்லிலிருந்து அதன் முதுகெலும்பான ஏபோ ஏ-1 புரதம் கழன்று சிறுநீரகம் வழியே போய்விடும். சீட்டில் எண் விழுகிறது. டிரைகிளிசரைடு ஏற ஏற எச்டிஎல் இறங்குவதற்கு இதுதான் காரணம். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இதே கொடுக்கல் வாங்கல் எல்டிஎல்லிலும் நடக்கிறது என்பதுதான் முக்கியம். எல்டிஎல் துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன. ஒரே அளவு சரக்கைப் பெரிய மூட்டைகளாகக் கட்டாமல் சிறு பொட்டலங்களாகக் கட்டினால் எடை மாறாது, பொட்டலங்களின் எண்ணிக்கை கூடும். எல்டிஎல் 105 என்பது எடை. நாளச் சுவரில் நுழைவது பொட்டலங்கள். அவற்றை எண்ண வழியுண்டு: ஒவ்வொரு துகளிலும் ஏபோ பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். இவருக்கு அதைப் பார்த்தேன்: 112. அந்த 105-ஐ வைத்துப் பார்த்தால் இருக்க வேண்டியதைவிட அதிகம். பரம்பரையாக வந்து இதயநோய் ஆபத்தைக் கூட்டும் லைபோபுரதம் (ஏ) 18 மட்டுமே. அந்த வகையில் நிம்மதி.

இடுப்பு, டிரைகிளிசரைடு, எச்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று தவறினாலே வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு என்று பெயர். இவருக்கு ஐந்தும் தவறியிருந்தன.

தந்தையின் கதையும் புகையும் சேர்ந்திருந்ததால் இதய நாளங்களில் சுண்ணாம்புப் படிவைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். 42 வயதில் பெரும்பாலான ஆண்களுக்குப் பூஜ்யம் வரும். இவருக்கு 64. அந்தத் தாளைக் கையில் வாங்கியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்கு யாரும் இதை எடுத்துப் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

என்ன செய்தோம்

எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தைத் தொடங்கினேன்: ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். "எல்டிஎல் எல்லைக்குள்தானே இருக்கிறது?" என்று தயங்கினார். ஏபோ பி-யையும் 64-ஐயும் காட்டினேன். கல்லீரல் நொதி சற்று உயர்ந்திருப்பது ஸ்டாட்டினுக்குத் தடையல்ல. சர்க்கரையை ஸ்டாட்டின் லேசாக ஏற்றக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. இவருடைய நிலையில் நன்மைப் பக்கமே கனம் அதிகம். ஸ்டாட்டின் எச்டிஎல்லையும் 5 முதல் 10 சதவீதம் வரை ஏற்றும் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அதற்காக இதைக் கொடுக்கவில்லை என்று உடனே சொல்ல வேண்டியதாயிற்று.

புரோபிரனோலாலை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். அந்த வகை மருந்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பதிலாக, தலைவலிக்குப் பார்த்த மருத்துவரைக் கலந்துகொண்டு கேண்டிசார்ட்டான். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் அது உதவும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும், கொழுப்பில் கைவைக்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுவது மருத்துவத்தில் அபூர்வம். சில வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துக்கொண்டோம்.

சிகரெட்டுக்கு ஒரு நாள் குறித்து, நிகோட்டின் ஒட்டுப்பட்டையுடன் நிறுத்தினார். புகையை விட்டால் எச்டிஎல் சராசரியாக 4 புள்ளிவரை ஏறுவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. இதயத்துக்குக் கிடைக்கும் லாபத்தை அந்த 4 புள்ளியில் அளப்பது, தேரை அச்சாணியின் எடையால் மதிப்பிடுவது போன்றது.

உணவில் நான் சொன்னது அவருக்குத் தலைகீழாகப் பட்டது. எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நிறைவுறாக் கொழுப்பு உள்ள எண்ணெய், கொட்டைகள், மீன். பழச்சாறு வேண்டாம், பழமாகவே தின்னுங்கள். சர்க்கரையையும் தீட்டிய மாவையும் பாதியாக்குங்கள். கெட்டிப்படுத்திய எண்ணெயில் செய்த நொறுக்குத்தீனி அறவே கூடாது; அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும், ஒரே அடியில் இரண்டு கேடு. மது எச்டிஎல்லை ஏற்றுமாமே என்று கேட்டார். ஏற்றும், டிரைகிளிசரைடையும் ரத்த அழுத்தத்தையும் கல்லீரல் கொழுப்பையும் சேர்த்தே ஏற்றும். மருந்தாக அதை யாருக்கும் நான் எழுதியதில்லை.

நடை வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. எச்டிஎல் அசைய வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடமாவது வேண்டும் என்று 2007-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அப்போதும் சராசரி ஏற்றம் இரண்டரைப் புள்ளிதான். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

மூன்றாம் மாதம்: என் தவறு

மூன்று மாதம் கழித்து வந்தார். எடை 81. டிரைகிளிசரைடு 171, எல்டிஎல் 60. நான் உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன். அவரோ சீட்டை நீட்டக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். எச்டிஎல் 28. மறுபடியும் சிவப்பு வட்டம். இந்த முறை ஆச்சரியக்குறி இல்லை.

"சிகரெட்டை விட்டேன், விடியற்காலையில் எழுந்து நடந்தேன், ஐந்து கிலோ குறைத்தேன். இருந்த ஒரு புள்ளியும் போய்விட்டது டாக்டர்."

இது என் பிழை. எடை குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் எச்டிஎல் ஏறாது, சற்று இறங்கக்கூடச் செய்யும். எடை ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் ஏறத் தொடங்கும். 1992-இல் வெளியான தொகுப்பாய்வு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: நிலைத்த எடையில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.35 புள்ளி ஏற்றம். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் மூன்று மாத உழைப்பு ஒரே எண்ணில் தோற்றுப்போனதாக அவருக்குப் பட்டுவிட்டது. எச்டிஎல்லைத் துரத்தாதே என்று பாடம் நடத்திய நானே, அடுத்த பரிசோதனைப் படிவத்தில் அதையும் டிக் செய்து கொடுத்து அனுப்பியிருந்தேன். தவிர, 29-க்கும் 28-க்கும் இடையே வேறுபாடே இல்லை. ஒரே ரத்தத்தை இருமுறை ஓட்டினாலும் ஒரு புள்ளி அப்படி இப்படி வரும்.

சொன்னேன், கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று தெரியவில்லை. ஐந்தாம் மாதம் அலுவலக நெருக்கடியில் இரண்டு வாரம் மீண்டும் புகைத்தார். தானே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். மறுபடி ஒட்டுப்பட்டை, மறுபடி ஒரு தேதி. இந்த முறை நின்றது.

ஓராண்டு

எடை 77, அதில் நான்கு மாதமாக அசைவில்லை. இடுப்பு 92. ரத்த அழுத்தம் 124/78. எச்பிஏ1சி 5.7. ஏஎல்டி இயல்பு. மொத்தக் கொலஸ்ட்ரால் 122, டிரைகிளிசரைடு 124, எல்டிஎல் 60, எச்டிஎல் கழித்த கொலஸ்ட்ரால் 85. ஏபோ பி 112-லிருந்து 68. பின்கழுத்தின் கறுப்பு வெளுத்துக்கொண்டு வந்தது. தலைவலி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ.

எச்டிஎல் 37.

ஒன்பது கிலோவுக்கு மூன்று, புகைக்கு நான்கு, நடைக்கு இரண்டரை, ஸ்டாட்டினுக்கும் மாற்றிய மாத்திரைக்கும் ஏதோ கொஞ்சம் என்று காகிதத்தில் கூட்டினால் 40-ஐ எட்டியிருக்க வேண்டும். உடல் கூட்டல் கணக்குப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தின் கீழ்நோக்கிய அம்புக்குறி 37-க்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

டிரைகிளிசரைடை இறக்கும் ஃபைபிரேட் வகை மருந்தான ஃபெனோஃபைபிரேட் பற்றி அவர் கேட்டார். உடன் வேலை பார்ப்பவர் சாப்பிடுகிறாராம். நியாயமான கேள்வி. ஃபைபிரேட் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நல்ல சான்று இருந்தது: 1999-இல் வெளிவந்த விஏ-ஹிட் ஆய்வில், எச்டிஎல் குறைந்த இதய நோயாளிகளுக்கு ஜெம்ஃபைபிரோசில் மாரடைப்பையும் இதய மரணத்தையும் 22 சதவீதம் குறைத்தது. ஆனால் அவர்கள் ஸ்டாட்டின் எடுக்காதவர்கள். ஸ்டாட்டினுக்கு மேல் ஃபெனோஃபைபிரேட்டைச் சேர்த்துப் பார்த்த அக்கார்டு ஆய்வு 2010-இல் ஒட்டுமொத்தமாகப் பலன் காட்டவில்லை. டிரைகிளிசரைடு மிகுந்து எச்டிஎல் மிகக் குறைந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் உதவலாம் என்று அதில் ஒரு கீற்று தெரிந்தது. அந்தக் கீற்றைப் பிடித்துக்கொண்டு, சரியாக அப்படிப்பட்ட சர்க்கரை நோயாளிகள் 10,000 பேரிடம் அதே குடும்பத்து பெமாஃபைபிரேட்டைச் சோதித்தார்கள். 2022-இல் அதுவும் வெறுங்கையோடு திரும்பியது. டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டிக் கணையத்துக்கு ஆபத்து என்றால் நான் ஃபைபிரேட் எழுதுவேன். இவருக்கு அது 124. ஜெம்ஃபைபிரோசிலை ஸ்டாட்டினுடன் சேர்ப்பதோ தசையைச் சிதைக்கும் ஆபத்துள்ள காரியம். ஆகவே இவருக்குப் புதிய மாத்திரை எதுவும் இல்லை.

சுண்ணாம்பு ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குப் படிவு கெட்டிப்பட்டு அந்த எண் ஏறக்கூட ஏறும். கெட்டிப்படுவது நல்லதுதான், ஆனால் ஏறிய எண்ணைப் பார்த்து இவர் எத்தனை இரவு தூங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த பரிசோதனைப் படிவத்தை எழுதும்போது ஏபோ பி-யையும் எச்பிஏ1சி-யையும் முதலில் எழுதினேன். எச்டிஎல் அந்தப் பட்டியலோடு தானாகவே வந்துவிடும், தடுக்க முடியாது. "வந்தால் வரட்டும், வட்டம் மட்டும் போட வேண்டாம்" என்றேன். சிரித்தார்.

எழுந்தவர் பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தார். தம்பியுடையது, வயது 38. "இவனைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது டாக்டர். ஒரே வீட்டில் பிறந்தோம். நல்ல கொழுப்பு 61. நல்லது இவ்வளவு இருந்தால் கெட்டது ஒன்றும் செய்யாது என்று பரிசோதனையோடு விட்டுவிட்டான்."

வாங்கிப் பார்த்தேன். எச்டிஎல் 61-ஐச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம். அதற்கு மேல் வரியில் எல்டிஎல் 171.

"தம்பி எப்போது வர முடியும்?" என்று கேட்டேன்.